யாழ்ப்பாணத்தில் டீசல் ஜெனரேற்றர்: புகை விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மண்டபம், ஐஸ் தொழிற்சாலை, தனியார் மருத்துவமனை, நகைக்கடை, விடுதி என்று யாழ்ப்பாணத்தில் டீசல் ஜெனரேற்றர் இல்லாத தொழிலிடம் குறைவு. வாங்கும்போது எத்தனை கேவிஏ (மெஷினின் கொள்ளளவு), என்ன விலை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். புகையைப் பற்றிய கேள்வி, பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்போதுதான் எழுகிறது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன். வாங்கப்போகிறவர்களுக்கு மட்டுமல்ல, புகையை மூச்சில் இழுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கரண்ட் போகிற நேரம் மட்டும் ஓடுகிற மெஷினுக்கு எதற்கு விதி?

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2012 ஜூனில் முடிவு செய்து, அதை முதலாவது வகுப்பில் சேர்த்தது. சிகரெட் புகையும் அஸ்பெஸ்டஸும் இருக்கும் வகுப்பு அது. மின்நிலையத்தின் புகைபோக்கி ஊருக்கு மேலே உயரத்தில் இருக்கும். மண்டபத்து ஜெனரேற்றரின் குழாயோ பெரும்பாலும் ஆள் உயரத்தில், ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கும். ஓடும் நேரம் குறைவுதான், ஆனால் அந்தப் புகை நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகிறது.

புகையில் என்னென்ன இருக்கின்றன?

விதிகள் முக்கியமாக நான்கைக் கணக்கெடுக்கின்றன: நைதரசன் ஒட்சைட்டுகள், கரித்துகள்கள், காபனோரொட்சைட்டு, எரியாமல் தப்பும் ஐதரோகாபன்கள். எண்ணெயில் கந்தகம் இருந்தால் கந்தகவீரொட்சைட்டும் சேரும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். எரிப்பு சூடாகவும் முழுமையாகவும் நடந்தால் துகள் குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும். சூட்டைக் குறைத்தால் துகள் கூடும். என்ஜினை மட்டும் திருத்தி இரண்டையும் ஒன்றாகக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. புதிய மெஷின்களின் புகைக்குழாயில் வடிகட்டியும் வினையூக்கியும் வந்து சேர்ந்தது அதனால்தான்.

இலங்கையில் எந்தச் சட்டம் இதைப் பார்க்கிறது?

அடித்தளம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். நடைமுறைப்படுத்துவது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. ஓரிடத்தில் நின்று புகை விடும் மூலங்களுக்கென்று 2019 ஜூன் 5 ஆம் திகதி 2126/36 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. அனல் மின்நிலையம், கொதிகலன், எரியூட்டி போன்றவற்றுக்கு எரிபொருளையும் கொள்ளளவையும் பொறுத்து எல்லைகளை வகுப்பது இந்த ஒழுங்குவிதிதான். புகைபோக்கியின் உயரமும் இதற்குள் வருகிறது.

பலர் இதை வாகனப் புகைப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2008 முதல் நடக்கும் அந்தப் பரிசோதனை வீதியில் ஓடும் வாகனங்களுக்கு மட்டுமே. லொறியில் இருந்து கழற்றிய என்ஜினை ஜெனரேற்றருக்குப் பூட்டினால், அந்த லொறி வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லாது.

பெரிய மின்நிலையம் கட்டுவதென்றால் இன்னொரு படி உண்டு. ஓரிடத்தில் 25 மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையம் என்றால் 1993 ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் வரவேண்டும்.

என் கடைக்கு வைத்திருக்கும் ஜெனரேற்றருக்கு உரிமம் எடுக்க வேண்டுமா?

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படும் தொழில்களை 2008 ஆம் ஆண்டின் 1533/16 இலக்க வர்த்தமானி பட்டியலிட்டது. அதில் மின் உற்பத்தி நிலையங்கள் அபாயம் கூடிய பிரிவில் இருந்தன. நீர், சூரிய, காற்று மின்சாரத்தோடு அவசரத்துக்கு வைத்திருக்கும் ஜெனரேற்றர்களுக்கும் அந்த வரியிலேயே விலக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பட்டியல் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் தொழில் இன்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஜெனரேற்றருக்குத் தனி உரிமம் வேண்டாம் என்றாலும், உங்கள் தொழிலுக்கு உரிமம் வேண்டியிருக்கலாம். ஐஸ் தொழிற்சாலையோ விடுதியோ உரிமத்துக்கு விண்ணப்பித்தால், பார்வையிட வருகிற அதிகாரி வளவுக்குள் இருக்கும் எல்லாவற்றையும்தான் பார்ப்பார். ஜெனரேற்றரின் குழாய் எங்கே திரும்பியிருக்கிறது, ஒயில் எங்கே சிந்துகிறது என்பதும் அதற்குள் அடக்கம்.

"அவசரத் தேவைக்கு" என்றால் எத்தனை மணி நேரம்?

என் பார்வையில் இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. உலகம் முழுவதும் டீசல் ஜெனரேற்றர் விதிகளில் சலுகை ஒன்று உண்டு: அவசரத்துக்கு மட்டும் ஓடுவதற்குக் கடுமையான எல்லைகள் இல்லை. அந்தச் சலுகைக்கு ஆதாரம் மணிக்கணக்கு.

அமெரிக்காவில் உண்மையான மின்தடையின்போது அவசர ஜெனரேற்றர் எத்தனை மணி நேரம் ஓடினாலும் தடையில்லை. சோதனைக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து ஆண்டுக்கு 100 மணித்தியாலம் தருகிறார்கள். அவசரமல்லாத வேறு தேவைக்கு அந்த 100 க்குள்ளேயே 50 வரைதான். மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும்போது பணம் வாங்கிக்கொண்டு அவசர ஜெனரேற்றர்களை ஓட்டுவதற்கு முன்பு இடம் கொடுத்திருந்தார்கள். 2015 மே மாதம் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இல்லாமலாக்கியது. டெலவேர் மாநிலம் தொடுத்த வழக்கு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 முதல் 50 மெகாவாற் வெப்பக் கொள்ளளவுள்ள எரிப்பு நிலையங்களுக்கான 2015 ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 500 மணித்தியாலத்துக்கு மேல் ஓடாத நிலையங்களுக்கு விலக்குக் கொடுக்க உறுப்பு நாடுகளை அனுமதிக்கிறது. அந்த 500 பல ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடப்படும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. அப்போது ஓடிய ஜெனரேற்றர் எல்லாம் அவசரத்துக்கு ஓடியதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கவோ, புதிய இணைப்பு எடுக்கும் செலவைத் தவிர்க்கவோ ஒவ்வொரு நாளும் மாலையில் ஓட்டுகிற மெஷின் அவசர ஜெனரேற்றர் அல்ல. பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு சின்ன மின்நிலையம். சட்டத்தின் வரிகள் எப்படி இருந்தாலும், அதை ஓட்டுகிறவர் மின்நிலையத்துக்குரிய பொறுப்போடுதான் ஓட்ட வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மெஷினே சொல்லும். கட்டுப்பாட்டுப் பலகையில் வோல்ற்று மீற்றருக்குப் பக்கத்தில் சிறிய சதுரக் கண்ணாடிக்குள் உருளும் இலக்கங்கள் இருக்கும். கடைசி இலக்கம் பெரும்பாலும் சிவப்பு நிறம், மணித்தியாலத்தின் பத்தில் ஒரு பங்கைக் காட்டுவது. பழைய மெஷின்களில் பல வேளை அது உடைந்தோ வயர் கழன்றோ கிடக்கும். வேறு எதையும் திருத்த முன் அதைத் திருத்துங்கள்.

மெஷினில் "சிபிசிபி 2", "டியர் 3", "ஸ்டேஜ் 5" என்று ஒட்டியிருக்கிறது. எது நல்லது?

மூன்றும் மூன்று இடத்து விதிகள். சிபிசிபி இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது, டியர் அமெரிக்காவினுடையது, ஸ்டேஜ் ஐரோப்பாவினுடையது. மூன்றிலும் எண் கூடக் கூட விதி கடுமையாகும்.

நமக்கு அதிகம் வருவது இந்திய மெஷின்கள் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். இந்தியாவில் 2014 ஜூலை 1 முதல் சிபிசிபி 2 நடைமுறையில் இருந்தது. 75 கிலோவாற்றுக்கு மேல் 800 வரையுள்ள என்ஜின்களுக்கு, ஒரு கிலோவாற் மணித்தியாலத்துக்கு நைதரசன் ஒட்சைட்டும் ஐதரோகாபனும் சேர்த்து 4.0 கிராம், துகள் 0.2 கிராம் என்பது எல்லை. 2023 ஜூலை 1 முதல் சிபிசிபி 4 பிளஸ் வந்தது. 56 முதல் 560 கிலோவாற் வரை நைதரசன் ஒட்சைட்டு 0.40 கிராம், துகள் 0.02 கிராம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

மண்டபங்களில் சாதாரணமாகக் காணும் 100 கேவிஏ மெஷினின் முழுச் சுமை ஏறத்தாழ 80 கிலோவாற், பாதிச் சுமையில் ஓடினால் சுமார் 40. பழைய எல்லையில் மணித்தியாலத்துக்கு 8 கிராம் கரித்துகள் வெளிவரலாம். புதிய எல்லையில் 0.8 கிராம். 8 கிராம் கேட்கச் சின்னதாக இருக்கும். நுண்ணிய துகளுக்கு இலங்கையின் வெளிக்காற்றுத் தரம் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம் இருக்கிறது. அந்த 8 கிராமை இந்தத் தரத்துக்குள் கொண்டுவர எத்தனை கன மீற்றர் சுத்தமான காற்று வேண்டும் என்று கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவின் டியர் 4 லும் ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5 லும் இதே அளவு என்ஜின்களுக்கு நைதரசன் ஒட்சைட்டு எல்லை அதே 0.40 தான். அவசர ஜெனரேற்றர்களுக்கு டியர் 4 தேவையில்லை என்று அமெரிக்க விதி விலக்குக் கொடுக்கிறது. 560 கிலோவாற்றுக்கு மேல் டியர் 2, அதற்குக் கீழ் பெரும்பாலும் டியர் 3 போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் புதிய விதி வந்த பிறகு அங்கே புதிதாக விற்க முடியாத பழைய தர மெஷின்களுக்கு வெளியில் சந்தை தேட வேண்டியிருக்கும். "புத்தம் புதுசு, விலை குறைவு" என்றால் எந்தத் தரம் என்று ஒரு முறை கேளுங்கள்.

அப்படியென்றால் புதிய தர மெஷினை வாங்கி இங்கே ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் எண்ணெயை யோசிக்காமல் வாங்கக் கூடாது. புதிய மெஷின்களில் பெரும்பாலும் ஒட்சியேற்றும் வினையூக்கி, துகள் வடிகட்டி, நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு என்பவற்றில் ஒன்றோ சிலவோ இருக்கும். கந்தகம் கூடிய டீசல் வினையூக்கியைக் கெடுக்கும், வடிகட்டியை அடைக்கும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் இருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு. அமெரிக்காவில் 15. அந்த எண்ணெயை மனதில் வைத்துச் செய்த மெஷின் இது.

இங்கே சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகம் இதைவிட மிக அதிகம். இப்படிப்பட்ட மெஷினுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும். லீற்றருக்கு விலை கூடும், உண்மை. ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் ஓடுகிற மெஷினுக்கு அந்த வித்தியாசம் தாங்கக்கூடியது. நாள்தோறும் ஓட்டுகிறவருக்குத்தான் கடிக்கும், அவர் யோசிக்க வேண்டியது வேறு வழியை. யூரியாக் கரைசல் 32.5 வீதச் செறிவில் சுத்தமாக இருக்க வேண்டும். கடையில் பசளை யூரியா வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தெளிப்பான் அடைபடும். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

ஜப்பான் ரீகண்டிஷன் மெஷின் எப்படி?

என்ஜின் நல்லதாக இருக்கலாம். தரச் சான்றிதழ் செய்த ஆண்டுக்குரியது, இன்றைக்கு உரியதல்ல. சைலன்சருக்குள் இருந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹேர்ட்ஸுக்குச் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஜப்பானின் ஒரு பகுதி 60 ஹேர்ட்ஸ்.

சின்ன மெஷினுக்குக் கிராமில் கணக்கு, மின்நிலையத்துக்கு மில்லிகிராமில் கணக்கு. ஏன்?

தொழிற்சாலையில் செய்து விற்கும் என்ஜினைச் சோதனைக் கூடத்தில் வைத்து, அது தந்த ஒவ்வொரு கிலோவாற் மணித்தியாலத்துக்கும் எத்தனை கிராம் வந்தது என்று அளக்கிறார்கள். ஓரிடத்தில் கட்டி எழுப்பிய மின்நிலையத்தை அப்படி அளக்க முடியாது. புகைபோக்கிக்குள் கருவியை விட்டு, ஒரு கன மீற்றர் புகையில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறார்கள். காற்றைக் கலந்து புகையை ஐதாக்கி எல்லைக்குள் கொண்டுவரும் தந்திரம் செல்லாதபடி ஒட்சிசன் அளவு ஒன்றுக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். ஐரோப்பாவில் டீசலில் ஓடும் புதிய நிலையங்களுக்கு நைதரசன் ஒட்சைட்டு 190 மில்லிகிராம், 15 வீத ஒட்சிசனில்.

சுன்னாகத்தில் இலங்கை மின்சார சபை கட்டிய உத்துரு ஜனனி போன்ற நிலையங்கள் கனரக உலை எண்ணெயில் ஓடும் பெரிய என்ஜின்கள். மண்டபத்து ஜெனரேற்றருக்கும் அதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

புகைக்குழாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் நினைவில் வைக்க எளிது. கட்டடத்தின் உயரத்தோடு, கேவிஏயின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 100 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் 2 மீற்றர். 25 கேவிஏ என்றால் 1 மீற்றர். இலங்கை விதியில் உங்கள் மெஷினுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் சட்டம். ஆனால் ஒழுங்கையைப் பார்த்துத் திரும்பியிருக்கும் குழாயை நாளைக்கே நிமிர்த்த விரும்புகிறவருக்கு இந்தச் சூத்திரம் போதும்.

நான் பார்த்த ஒரு மண்டபத்தில் குழாய் மதிலுக்கு ஒரு முழம் கீழே நின்றது. அதற்கு நேரே பக்கத்து வீட்டு மதிலின் உட்பக்கத்தில், வாழை மரத்துக்குப் பின்னால், விசிறி வடிவில் ஒரு கறுப்புக் கறை. விரலால் தொட்டால் மை போல ஒட்டியது. அந்த வீட்டு அம்மா கொடிக்கயிற்றைக் கிணற்றடிப் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார். மண்டபக்காரர் வெல்டிங் பட்டறையில் சொல்லிக் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினார். சின்னச் செலவுதான், பெரிய வேலை இல்லை. குழாய் நீண்டால் விட்டமும் கூட வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் மூச்சுத் திணறிக் கரும்புகை தள்ளும். மழைத் தண்ணீர் இறங்காமல் மூடியும் வேண்டும்.

சத்தத்துக்கும் விதி உண்டா?

உண்டு, 1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள். பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர, நகர சபைப் பகுதியில் 63, 50. பாடசாலை, மருத்துவமனை, நீதிமன்றம், பொது நூலகம், புனிதத் தலம் போன்றவற்றின் எல்லையில் இருந்து 100 மீற்றருக்குள் 50, 45. பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. யாழ் நகரில் கோயிலோ பள்ளிக்கூடமோ 100 மீற்றருக்குள் இல்லாத இடம் எது என்று நினைத்துப் பாருங்கள். சத்தம் குறைக்கும் பெட்டியோடு வரும் மெஷின் 1 மீற்றரில் 75 டெசிபல் அளவில் இருக்கும். பெட்டி இல்லாத மெஷினை நகருக்குள் வைப்பது சரியில்லை.

என் மெஷின் முன்பு நன்றாக ஓடியது, இப்போது கரும்புகை. என்ன காரணம்?

முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். நம் செம்மண் தூசி அதை விரைவில் அடைத்துவிடும். அடுத்து, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர். அப்புறம் சுமை.

சுமை கூடினால் கரும்புகை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தாலும் கெடுதி என்பது பலருக்குத் தெரியாது. 200 கேவிஏ மெஷினில் நான்கு விசிறியும் இருபது பல்ப்பும் மட்டும் ஓடினால் சிலிண்டர் சூடாகாது. எண்ணெய் முழுதாக எரியாமல் குழாயில் கறுத்த பிசினாகப் படியும். பிறகு ஒருநாள் முழுச் சுமை ஏறும்போது அத்தனையும் புகையாக வரும். மூன்றில் ஒரு பங்கு சுமையாவது இருக்க வேண்டும். வாங்கும்போதே "எதற்கும் பெரிசாக எடுப்போம்" என்று எடுக்காதீர்கள்.

கழிவு ஒயில் புகை விதியில் வராதே. அதை ஏன் கேட்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் அதைப் புகைக்கு அடுத்ததாக வைக்க முடியாது, முன்னால் வைக்க வேண்டும். நமக்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். நிலத்துக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் கீழே இறங்கிப் பக்கவாட்டில் பரவும்.

சுன்னாகத்தில் நடந்ததை ஊரே அறியும். மின் உற்பத்தி நடந்த வளவைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் படலம் மிதந்தது, சனம் தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, தனியார் மின் நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. புகைக்கு எல்லை வகுத்து உரிமம் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே மெஷினுக்குக் கீழே சீமெந்துத் தளம், சுற்றிவரச் சிறிய கட்டு, தாங்கியில் உள்ள எண்ணெய் முழுதும் கொட்டினாலும் உள்ளே நிற்கும் அளவு. ஒயில் மாற்றும்போது தகர வாளியில் பிடித்து மூடிய பீப்பாவில் சேருங்கள். கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுத்துத் துண்டு வாங்குங்கள். வேலிக்கு அடிப்பது, கறையானுக்கு ஊற்றுவது, பனங்குற்றிக்குப் பூசுவது எல்லாம் பழைய பழக்கம். கிணற்றுக்குப் பக்கத்தில் அது வேண்டாம்.

பக்கத்து வளவு ஜெனரேற்றர் புகை தாங்க முடியவில்லை. யாரிடம் போவது?

முதலில் நேரே கதையுங்கள். பல இடங்களில் குழாயைத் திருப்பியதோடு முடிந்திருக்கிறது. முடியாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், உள்ளூராட்சி சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்ற வரிசையில் எழுத்தில் கொடுங்கள். நாள், நேரம், எவ்வளவு நேரம் ஓடியது, புகைப்படம் ஆகியவற்றோடு கொடுங்கள். பொதுத் தொல்லைக்கு 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றம் கட்டளை இடலாம்.

தீவுகளில் நாள் முழுதும் டீசலில்தானே ஓடுகிறது?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாமல் டீசலை நம்பியிருந்தவை. எண்ணெயைப் படகில் ஏற்ற வேண்டும், சிந்தினால் கடல். 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் இந்த மூன்றுக்கும் 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்றாலை, மின்கலத் தொகுதி ஆகியவற்றோடு கலப்பு நிலையங்கள் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் டீசல் ஜெனரேற்றர் உண்டு, ஆனால் வெயிலும் காற்றும் போதாதபோது மட்டும் ஓடும். சரியான இடம் அதுதான்.

கடைக்கும் அப்படிச் செய்ய முடியாதா?

முடியும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஜெனரேற்றர் ஏறத்தாழ 0.3 லீற்றர் டீசல் குடிக்கும், 0.8 கிலோகிராம் காபனீரொட்சைட்டு விடும். பில் போடும் கணினி, கமரா, நாலு லைற் போன்றவற்றுக்கு இன்வேர்ட்டரும் மின்கலமும் போதும். குளிரூட்டி, லிப்ட், ஐஸ் கொம்பிரசர் இருந்தால் மட்டும் ஜெனரேற்றர்.

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

கொப்பி ஒன்று போதும். திகதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், மணித்தியால மீற்றரின் இலக்கம், ஓட்டிய காரணம், ஊற்றிய டீசல் எத்தனை லீற்றர், எந்த டீசல். ஒயிலும் வடிகட்டியும் மாற்றிய நாள், கழிவு ஒயிலை யாரிடம் கொடுத்தீர்கள் என்பது. மாதச் சோதனை ஓட்டத்தைச் சுமையோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள், அதுவும் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு. கொப்பியை மெஷின் அறைக்குள் வைக்காதீர்கள், ஒயில் பட்டு எழுத்து அழிந்துவிடும். காசாளர் மேசையில் வையுங்கள்.